கம்பி நீட்டிய புழு

ஒரு புழுவைக் காணோம்.

நுண்ணோக்கிக்கு அடியில் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டேன். மற்றவை கிழடு தட்டி, கிடந்த இடத்திலேயே நெளிந்துகொண்டிருந்தன. அது மட்டும் கம்பி நீட்டிவிட்டது.

மேசையில் போன் அதிர்ந்தது. அண்ணன். எடுக்கவில்லை.

முதுமையைத் தள்ளிப்போடும் மருந்தைக் கொடுத்து, புழுக்கள் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் பிழைப்பு. மெல்லிய கம்பியால் வாலைத் தொடுவோம். அசைந்தால் உயிர் இருக்கிறது. அசையாவிட்டால் போய்விட்டது.

காணாமல் போனது இரண்டிலும் சேராது. கடைசியாகப் பார்த்தபோது உயிரோடு இருந்தது என்று எழுதுவோம், அவ்வளவுதான். செத்ததாக எழுத யாருக்கும் உரிமை இல்லை.

இந்த விதி எனக்குப் போன வாரத்திலிருந்து ரொம்பப் பிடித்துவிட்டது.

போன வாரம்தான் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். எங்கே கிளம்பினோம் என்பது வாசலைத் தாண்டியதுமே அவருக்கு மறந்திருக்கும். கடைசியாகப் பார்த்தது தெருமுனை மருந்துக்கடைக்காரர். அப்பா அவரைப் பார்த்துச் சிரித்தாராம்.

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். பிணவறையில் யாரென்று தெரியாத ஒரு பெரியவர், வந்து பாருங்கள் என்று. நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். கால் என்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டது.

ஒரு புழுவுக்குப் போய் இந்தப் பாடா, காணோம் என்று எழுதிவிட்டு விடேன் என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். வேறு நாளாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டின் விளிம்பைப் பார்த்தேன்.

அங்கே இருந்தது. தட்டின் உள்சுவரில் பாதி ஏறி, நூல் பிசிறு மாதிரி ஒட்டிக் கிடந்தது. துளி அசைவில்லை.

போன் மறுபடியும் அதிர்ந்தது.

கம்பியை எடுத்தேன். வாலைத் தொட்டேன். ஒன்றுமில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை தொட்டேன்.

தலை மட்டும் லேசாக, ஒரு பக்கம் திரும்பியது.

கம்பியைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். அந்தப் பக்கம் அண்ணன்.

"அப்பாதான், பாப்பா."

"தொட்டுப் பாத்தியாண்ணா?" என்றேன். "இன்னொரு தடவை தொட்டுப் பாரேன்."