முகம் மாறுகிறவர்

யாங்சே நதியில் போகும் கப்பலுக்குள், சின்ன மேடையொன்றில் சீன நடிகர் முகம் மாற்றிக்கொண்டிருந்தார். விசிறி ஒருமுறை அசைந்தால் சிவப்பு முகம் மஞ்சளாகும். இன்னொரு அசைவில் பச்சையாகும்.

"என்னமா பண்றான். சும்மா பாத்துட்டுப் போனா மரியாதையில்ல" என்று பூவராகன் பையிலிருந்து பொன்னாடையை எடுத்தார்.

"ஆட்டம் முடியட்டுங்க" என்றாள் அவர் மனைவி கோமளா.

அதற்குள் மேடையேறிவிட்டார். ஊர் விழாக்களில் செய்வதுபோலவே நடிகருக்குப் போர்த்திவிட்டு, பக்கத்தில் விறைப்பாக நின்று கேமராவைப் பார்த்தார். கோமளா செல்போனை உயர்த்தினாள். வீட்டு ஆல்பம் முழுக்க அவருக்கு இந்த ஒரே முகம்தான்.

நடிகர் விசிறியை அசைத்தார். பச்சை மாறவில்லை. மறுபடியும் அசைத்தார். முகமூடியை இழுக்கும் நூல் பொன்னாடைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மேளம் நின்றுபோனது. பூவராகனுக்கு வியர்த்தது.

நடிகர் நிதானமாகப் பொன்னாடையைக் கழற்றி, பூவராகனின் தலையோடு போட்டு மூடினார். மேளக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். மேளம் முழங்க, வெடுக்கென்று இழுத்தார்.

உள்ளே பூவராகன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் கைதட்டியது.

கோமளா செல்போனைத் தாழ்த்தவில்லை.

"ஏங்க, அப்படியே இருங்க. மாத்திடாதீங்க."