யாரும் கேட்காத கட்டம்

காலையிலிருந்து ஒன்பதாவது முறையாகச் செல்போன் அலறியது.

தண்டாயுதபாணி அதைக் குப்புறப் போட்டு, மேலே ஒரு காலிச் சாக்கை விரித்தார். சாக்குக்கு அடியிலிருந்தும் அது கோழிக்குஞ்சு மாதிரிக் கத்திக்கொண்டேதான் இருந்தது.

சேந்தமங்கலம் கடைவீதியில் இருபத்தாறு வருஷமாகக் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர். ஆயிரம் ரூபாய்த் தார்ப்பாயை நானூறுக்குக் கேட்பவனிடம், "நானூறுக்கு ஓரத்துல இருக்கற ஓட்டைங்கள வேணா தாரேனுங்க" என்று சிரிக்காமல் சொல்லத் தெரிந்தவர்.

இன்று கேட்ட விலைக்கே கயிற்றை அறுத்துக் கொடுத்துவிட்டார். வாங்கியவனுக்கே சந்தேகம் வந்து, கடைவாசலில் நின்று இழுத்து இழுத்துப் பார்த்தான்.

அவர் கண்ணெல்லாம் எதிர்க்கடையில் இருந்தது.

எதிர்க்கடை நத்தர் பாயுடையது. பலகையில் 'ஸ்டார் பிளாஸ்டிக்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். பாய் எந்நாளும் போலக் குடங்களை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன், வாட்ஸ்அப் வராது. இன்றைய பொழுது பாய்க்குத் தெரியாமல் கழிந்துவிட்டால் போதும்.

விடிந்ததும் மூன்று குழுக்களில் வந்திருந்தது அந்தச் செய்தி. ஒன்று பஜனைக் குழு. ஒன்று கோழிப்பண்ணைக்காரர்களுடையது. மூன்றாவது, அவருடைய சொந்தச் சம்பந்தி நடத்துவது.

'நம்மவர்கள் இந்தக் கடைகளில் வாங்காதீர்கள். கூப்பிட்டு நாலு வார்த்தை கேளுங்கள்.'

கீழே பதினொரு கடைகளின் பெயர்களும் செல்போன் எண்களும் இருந்தன. நான்காவது, ஸ்டார் பிளாஸ்டிக்ஸ்.

அதற்கு நேரே இருந்த எண் தண்டாயுதபாணியுடையது.

போன தை மாதம் கடைவீதி முழுக்க எண் கேட்டு எழுதியபோது, பட்டன் போனை எங்காவது வைத்து மறந்துவிடுகிற பாய்தான், "உங்க நம்பரயே போட்டுக்கங்ணா, எதுத்தாப்லதான இருக்கறீங்க" என்று சொல்லியிருந்தார்.

முதல் அழைப்பை மட்டும் எடுத்தார். "ஸ்டார் பிளாஸ்டிக்கா?" என்றான் ஒருவன். ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று இவர் யோசிப்பதற்குள், மூன்று தலைமுறையையும் இழுத்துப் பேசி முடித்துவிட்டான். திரையில் அவன் பெயர் 'தீவனம் ஓமலூர்' என்று விழுந்தது. ஓமலூரில் மாட்டுத்தீவனம் விற்கிறவனுக்குச் சேந்தமங்கலத்துக் குடத்தின் மேல் என்ன கோபமோ. நடுவே வேறு யாரிடமோ, "தவுடு ரெண்டு மூட்டையா, மூணா?" என்றும் கேட்டுக்கொண்டான்.

திட்டு உறைக்கவில்லை. வியாபாரி வாங்காத திட்டா? உறுத்தியது வேறொன்று.

பாய் கடையை விட்டு இறங்கினார். கையில் இரண்டு டீ கிளாஸ். நேராக இங்கேதான் வந்தார்.

அதே நேரம் பார்த்துச் சாக்கு மறுபடியும் கத்தத் தொடங்கியது.

"எடுங்ணா. ஏன் பொதைச்சு வெச்சிருக்கறீங்க?"

"எவனோ நெலம் விக்கறவன், பாய். ஓசூர்ல பிளாட்டு வேணுமாங்கறான். எனக்கே இங்க நிக்கறதுக்கு எடமில்ல."

பாய் சிரிக்கவில்லை. கிளாஸைத் தராசின் மேல் வைத்தார். அது டீயின் எடையைச் சிவப்பு எண்களில் காட்டியது.

"எம் பொண்ணு காலைலயே காட்டிட்டாளுங்ணா."

தண்டாயுதபாணி டீ கிளாஸைக் கையில் எடுத்தார்.

"உங்க நம்பரப் போடச் சொன்னது நாந்தானுங்களே. என்னையத் திட்டறதையெல்லாம் நீங்க வாங்கிக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறீங்க. மன்னிச்சுக்கங்ணா."

சொல்லிவிட்டுப் பாய் சாக்கை விலக்கினார். போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஸ்டார் பிளாஸ்டிக்தானுங்க. நாந்தான் பேசறேன். சொல்லுங்க சாமி."

அந்தப் பக்கத்துச் சத்தம் வாசல் வரை கேட்டது. பாய் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. குடம் ஒழுகுகிறது என்று சண்டைக்கு வருகிற வாடிக்கைக்காரர் பேசி ஓயட்டும் என்று காத்திருக்கிற அதே முகம்.

"சரிங்க. வெச்சிரட்டுங்களா?"

போனைச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த லிஸ்ட்ட எடுத்தவன் எவன்னு தெரிஞ்சாலும் உட்ருங்ணா. நீங்க கோவக்காரரு. கைய கிய்ய நீட்டிப்புடாதீங்க."

பாய் திரும்பித் தெருவில் இறங்கினார்.

"பாய்..."

"ஏனுங்ணா?"

தண்டாயுதபாணி ஒரு வாய் குடித்தார்.

"டீயில... சக்கர கம்மி."

"போட்டுக் குடுத்தனுப்பச் சொல்றனுங்ணா," என்று பாய் போய்விட்டார்.

தண்டாயுதபாணி அந்தச் செய்தியை மறுபடி திறந்தார். ஏழாவது கடையாக ஒரு தையற்கடை. அது மூடி இரண்டு மாதம் ஆகிறது. போன தை மாதம் இருந்தது.

ரசீது இல்லாமல் பிடுங்குகிற சந்தைச் சுங்கத்தை ஒழிக்க மேலிடத்துக்கு மனு கொடுக்கப் போவதாகச் சீர்திருத்தம் பேசிக்கொண்டு வந்தவர் நந்தகுமார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். அவரை நம்பி, வெயிலில் அறுபத்து நாலு கடைப்படியும் ஏறி இறங்கி எழுதி, மகளை விட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பியவர் வியாபாரிகள் சங்கச் செயலாளர் தண்டாயுதபாணி.

கடைப்பெயர், போன் நம்பர். நந்தகுமார் கேட்டது இந்த இரண்டு கட்டம்தான்.

எல்லாரும் ஒன்றாக நிற்கிறோம் என்பதை மேலிடம் கண்ணால் பார்க்கட்டுமே என்று, மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு ஒவ்வொரு கடைக்கும் நேரே மதத்தை எழுதியது தண்டாயுதபாணி, தானாகத்தான்.