கையெழுத்துப் போட்டவர்

“பிரேக்கைப் பிடிச்சா வண்டி நிக்கணுமா, நெஞ்சு நிக்கணுமா? அதை மட்டும் சொல்லுங்க சார்.”

பைக் சர்வீஸ் கவுன்ட்டருக்கு எதிரே நின்ற பூட்டுக் கடைக்காரர் குரலை உயர்த்தவில்லை. முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக்கூட சட்டைக் கையால் மறைத்திருந்தார். கத்துகிற வாடிக்கையாளரைச் சமாளிப்பது சர்வீஸ் சூப்பர்வைசருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மெதுவாகப் பேசுகிறவர்களிடம்தான் வில்லங்கம்.

“உட்காருங்க சார். புது வண்டியும் புது மாப்பிள்ளையும் ஒண்ணு. ஆரம்பத்துல கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.”

“நேத்து சிக்னல்ல பிரேக்கைப் பிடிச்சேன். வண்டி பாட்டுக்குப் போய் முன்னால நின்ன தள்ளுவண்டியில முட்டிச்சு. இறங்கிப் பார்த்தா, பின் பிரேக் நட்டு கையால சுத்தினாலே கழண்டு வருது. முப்பது வருஷமா பூட்டும் திருகாணியுமா வாழ்றவன் சார் நான். ஸ்பேனர் பட்ட நட்டு எது, படாத நட்டு எதுன்னு எனக்குத் தெரியாதா?”

சர்வீஸ் கார்டை மேஜைமேல் விரித்தார். இருபத்திரண்டு வேலைகள், இருபத்திரண்டு டிக்குகள். பிரேக் சரிபார்ப்புக்கும் ஒரு டிக், கொஞ்சம் அழுத்தமாகவே. அடியில், ‘வேலை செய்தவர்’ என்ற இடத்தில், வால் சுருண்ட ஒரு கையெழுத்து. தேதி முந்தாநாள்.

சூப்பர்வைசர் கார்டைத் தன் பக்கம் திருப்பினார். வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு நாள்தான் ஆகிறது. வந்த அன்றே மேனேஜர் ஒரு கட்டு கார்டைக் கையில் திணித்திருந்தார். “ஹெட் மெக்கானிக் மொத்தமா கையெழுத்துப் போட்டு வெச்சிருக்காரு. இப்ப லீவு. வண்டி வெளிய போறப்ப நீங்க டிக் அடிச்சுக் குடுத்திடுங்க.” அங்கே அதுதான் நடைமுறை. வண்டியைக் கழுவித் துடைத்தால் பாதி சர்வீஸ். டிக் அடித்தால் மீதி.

“இந்தக் கையெழுத்துப் போட்டவரை நான் பார்க்கணும்.”

“அவரை எதுக்கு சார்? நான் இருக்கேன்ல? அடுத்த சர்வீஸ் இலவசம்.”

“வேணாம்.”

“சீட் கவர் ஒண்ணு போட்டுத் தர்றேன்.”

“வேணாம் சார்.”

“சரி, நீங்களும் வியாபாரி, நானும் சுத்தி வளைக்கல. நல்ல ஹெல்மெட்டா ஒண்ணு எடுத்துக்குங்க.”

“எனக்கு ஒண்ணும் வேணாம். அவரைப் பார்த்தா போதும். பார்க்காம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.”

மேலிடத்துக்கு ஒரு புகார் போனால் அடுத்த மாற்றல் நேராக வீட்டுக்குத்தான். சூப்பர்வைசர் கடையை விரித்தார். பொய்க்கு முதல் போட வேண்டியதில்லை. வாய் ஒன்று இருந்தால் போதும்.

“ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன் சார். உங்க வண்டியைப் பார்த்தது அவரேதான். நான் பக்கத்துலயே நின்னேன்.”

பூட்டுக் கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார்.

“நீங்க பார்த்தீங்களா? முந்தாநாளு?”

“இந்த ரெண்டு கண்ணால.”

“நின்னுக்கிட்டுச் செஞ்சாரா, உட்கார்ந்தா?”

இது என்ன கேள்வி? “உட்கார்ந்துதான். குட்டி ஸ்டூல் ஒண்ணு போட்டுக்கிட்டு.”

“முகம் எப்படி இருந்துச்சு? வாடியிருந்துச்சா?”

“வாடுறதா? சிரிச்ச முகம் சார். ஏதோ பாட்டு வேற முணுமுணுத்துக்கிட்டு.”

“சாப்பிட்டாரா?”

திட்ட வந்த மனிதர் நலம் விசாரிக்கிறார். இளகிவிட்டார் என்று சூப்பர்வைசர் கணக்குப் போட்டார். சரக்கு விலைபோகிற நேரத்தில் தராசைக் கீழே வைக்கலாமா?

“வேலை முடிஞ்சதும் கையைக் கழுவிட்டு வயிறாரச் சாப்பிட்டாரு. அப்பவும் உங்க வண்டி நினைப்புதான். ‘பெரியவர் ஓட்டுற வண்டி, பத்திரமா இருக்கணும்’னு ரெண்டு தடவை சொன்னாருன்னா பாருங்களேன்!”

பூட்டுக் கடைக்காரர் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்குகளில் ஒருவர்கூட இந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

“நட்டு ஓட்டத்துல தளர்ந்திருக்கும் சார். இப்பவே முறுக்கித் தர்றேன். புகார் கிகார்னு எழுதி அந்த நல்ல மனுஷன் பிழைப்புல மண்ணைப் போட்டுடாதீங்க.”

“அவன் பிழைப்புக்கு இனி யாரும் ஒண்ணும் பண்ண முடியாது சார்.” கார்டைக் கையில் எடுத்து, வால் சுருண்ட அந்தக் கையெழுத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். “இந்த வண்டியே அவன் சம்பளத்துல எனக்கு வாங்கிக் குடுத்ததுதான். ‘முதல் சர்வீஸ் நான்தான் பண்ணுவேன், வேற யாரையும் தொட விடாதப்பா’ன்னான். அடுத்த வாரமே காய்ச்சல்னு படுத்தான். ஆஸ்பத்திரியில ஒன்பது நாள், ஒரு வாய் உள்ள இறங்கல. போய்ச் சேர்ந்து இன்னையோட பதினெட்டு நாள்.”

சூப்பர்வைசர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தார்.

“நீங்க சொன்னது அத்தனையும் பொய்னு தெரியும் சார்,” என்றார் அப்பா. “இருந்தாலும், வயிறாரச் சாப்பிட்டான்னு சொன்னீங்களே… அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க.”