வேண்டுதல் வாபஸ்

"பூசாரி ஐயா, போன வாரம் வச்ச வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கலாமா?"

ஈஜோக் எஸ்டேட் முனீஸ்வரன் கோயிலுக்கு ஓடிவந்து கேட்டான் கார்த்திகேசு.

"அப்படி என்னப்பா கேட்டே?"

"ஒருத்தன் காலு உடையணும்னு..."

பூசாரி வீரன் பதறினார். "ஐயையோ! முனி கேட்டதைக் குடுக்காம விடமாட்டாரே! இப்ப என்ன, மனசு இரங்கிருச்சா?"

"பயமா இருக்குங்கய்யா. சனிக்கிழமைக்குள்ள நடந்துட்டா நாம தொலைஞ்சோம்."

கார்த்திகேசு பேப்பரை நீட்டினான். படத்தில் ஒருவன் சிவப்பு மஞ்சள் ஜெர்சியைப் பிடித்தபடி சிரித்தான்.

"போன வருஷம் நம்ம சிலாங்கூருக்கு எதிரா மூணு கோல் போட்டானே, அவன்தான். இப்ப நம்ம டீமுக்கே வந்துட்டான்லா! சனிக்கிழமை இறங்குறான்!"

பூசாரி பேப்பரை வாங்கிப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"அடப்பாவி, இவனா? இவன் காலு உடையணும்னுதானே நான் சேவலே அறுத்தேன்!"