நீதிபதிக்குப் பக்கத்துக் கதிரை

"நான் போவன். கட்டாயம் போவன். ஒருத்தரும் என்னை மறிக்கேலாது!"

வசந்தமலர் கடிதத்தை மேசையில் அடித்து வைத்தாள். தேநீர்க் கோப்பை ஒருதரம் ஆடி நின்றது.

நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதம். அடுத்த செவ்வாய்க்கிழமை நடக்கும் ஒரு வழக்கில் அவள் நீதிபதிக்குப் பக்கத்தில் இருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. ஊர்ச் சனத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டு நீதிபதியோடு இருத்துவது நோர்வேயில் ஒரு முறை. கொம்யூன் என்ற நகரசபை எடுத்துக் கொடுத்த பெயர்களில் அவளுடையதும் இருந்தது.

"என்ன கேஸ் எண்டு வாசிச்சனீங்களோ அம்மா?" மகள் ஆரணி கேட்டாள்.

"வாசிச்சனான். கார் அக்சிடென்ற். ஒரு ஆள் செத்திருக்குது."

"அதுதான் சொல்லுறன், உங்களாலை ஏலாது. நான் கோர்ட்டுக்கு ரெலிபோன் அடிச்சு அப்பாவின்ரை விசயத்தைச் சொல்லுறன். உடனை விட்டிடுவினம்."

"அப்பாவின்ரை விசயம்! அதைக் கேக்கிறதுக்கு அங்கை ஒரு கோர்ட் இருந்ததோ?"

இரத்தினவேல் போய் மூன்று வருடம். கந்தசஷ்டியின் கடைசி நாள், சூரன்போர் பார்க்கக் கோயிலுக்குப் போகும் வழியில், உறைந்து கிடந்த தெருவில் கார் வழுக்கியதில் எல்லாம் முடிந்துபோயிற்று. ஆறு நாள் விரதம் பிடித்த மனுசன், பாறணைச் சோற்றைக் காணவில்லை. வசந்தமலர் தப்பினாள். குளிர் தொடங்கினால் இடது தோள் இப்போதும் நோகும்.

நாலு மாதம் கழித்துப் பொலிசிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்குப் போடுவதில்லை என்று முடிவு. சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்த அந்தக் கடிதத்தை அவள் இழுத்தெடுத்தாள்.

"என்ன எழுதியிருக்கிறாங்கள், பார். 'சம்பந்தப்பட்டவர் ஏற்கெனவே போதிய வேதனை அனுபவித்துவிட்டார்.' வேதனையாம்! எந்தத் தராசிலை நிறுத்தவங்கள்? அந்த ஆள் வேலைக்குப் போகேல்லையோ? மூண்டு நேரமும் சாப்பிடேல்லையோ? போன சனிக்கிழமை ஸ்ட்ரோம்மன் கடைகளுக்குப் போய் மலிவிலை ஜக்கெற் எடுக்கேல்லையோ?"

ஆரணி கதவடியில் கொழுவியிருந்த ஜக்கெற்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐஸ் அம்மா," என்றாள் கடைசியில். "பொலிசே ஐஸ் எண்டுதான் எழுதினது."

"ஐசாம்! நவம்பர் வந்தும் ஐசிலை வழுக்காத வின்ரர் ரயர் போடாமல் காரை எடுத்தது ஐசோ? ஏன் மாத்தேல்லை எண்டு அந்த ஆளை நிக்கவைச்சு ஒருத்தராவது கேட்டவையோ? செத்தவீட்டுக்கு வந்த சனமும் விதி, விதி எண்டு தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போட்டுது."

"நான் மன்னிச்சிட்டன் அம்மா." ஆரணியின் குரல் உடைந்தது. "எத்தினை தரம் சொல்லிட்டன்."

"உன்னை ஆர் மன்னிக்கச் சொன்னது? எனக்கு மன்னிப்பு வேண்டாம். விசாரணை வேணும்!"

ஆரணி முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வசந்தமலர் பொலிஸ் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஹவுகன்ஸ்டுவாவில் ரயில் ஏறி, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே நீதிமன்றத்தில் நின்றாள். மன்றத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே நீதிபதி அம்மையார் இருந்தார். இன்னொரு கதிரையில், இவளைப் போலவே கூப்பிடப்பட்ட ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர்.

பாதி திறந்த கதவால் மன்றம் தெரிந்தது. மேடையில் மூன்று உயர்ந்த கதிரைகள். கீழே, வழக்கறிஞரின் பக்கத்தில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒன்று. அதில் இன்னும் யாரும் இருக்கவில்லை.

"வழுக்குகிற தெரு. கார் ஓட்டியவர் ஓர் இளைஞர். பக்கத்தில் இருந்த நண்பர் இறந்துவிட்டார்," என்று நீதிபதி வழக்கைச் சொன்னார். "நடுநிலையோடு தீர்ப்புச் சொல்ல முடியாத காரணம் உங்கள் இருவரில் யாருக்காவது உண்டா?"

"எனக்கு இருக்கு," என்றாள் வசந்தமலர். நோர்வேஜிய மொழியை அவள் அளந்து அளந்து பேசினாள். "என்ரை மனுசனும் கார் வழுக்கித்தான் செத்தவர்."

நீதிபதி பேனையைக் கீழே வைத்தார்.

"மிகவும் வருந்துகிறேன். முன்பே அறிவித்திருந்தால் உங்களை வரவழைத்திருக்க மாட்டோம். அந்தக் காரை ஓட்டியவருக்குத் தண்டனை கிடைத்ததா?"

"இல்லை. கேஸே போடேல்லை."

"உங்களுக்கு அவர் மேல் இன்னும் கோபம் இருக்கும்."

"காலையிலை கண் முழிச்சதிலையிருந்து இருக்கு."

"அப்படியென்றால் உங்களை நான் விடுவிக்கத்தான் வேண்டும். வேறொருவரைக் கூப்பிடுகிறேன். நீங்கள் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கதிரையில் இருந்து நீங்கள் வேதனைப்பட வேண்டாம்."

"நான் அந்தக் கதிரைக்கு வரேல்லை."

வசந்தமலர் கைப்பையைத் திறந்து பொலிஸ் கடிதத்தை எடுத்து நீதிபதியின் முன்னால் விரித்து வைத்தாள். பிறகு கதவுக்கு அப்பால், கீழே வெறுமையாக இருந்த கதிரையைக் காட்டினாள்.

"விரதத்திலை அவருக்குக் கை நடுங்குது எண்டு சாவியைப் பறிச்சு ஓட்டினது நான். என்னை எப்ப அதிலை இருத்துவியள்?"