புரட்டிப் போட்ட கல்

கல்லுக்கும் மாடி உண்டு என்றால் நம்பமாட்டீர்கள், நம்பாமலே கேளுங்கள். கடலோரக் கல் ஒன்றின் மேலே ஒரு சிப்பி ஒட்டிக் குடியிருந்தது. அடியில், இருட்டில், பஞ்சு போன்ற உடம்போடு கல்லில் ஒட்டி வாழும் உயிர், ஒரு கடற்பஞ்சு.

தண்ணீர் வற்றும்போதெல்லாம் சிப்பி முனகும்: "வெயில் கொல்லுது. நிழல்ல சொகமாக் கெடக்கிற உனக்கு என்ன தெரியும், தம்பி?"

'மாடியில இருக்கிற ராசாவுக்கு இதுவும் ஒரு குறை' என்று பஞ்சு மனசுக்குள் கறுவும்.

ஒருநாள் கடலுயிர்ப் படிப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஒரு பெண் அந்தக் கல்லைப் புரட்டினாள். பஞ்சின் நிறத்தைப் பார்த்து வியந்தாள். அப்படியே தலைகீழாகப் போட்டுவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டாள்.

"அண்ணே, இப்ப நான்தான் மாடி" என்றது பஞ்சு. கீழே சிப்பி சேற்றுக்குள் புதைந்து கிடந்தது.

அந்தப் பெருமை கொஞ்ச நேரம்தான். வெயில் ஏற ஏறப் பஞ்சின் ஓரமெல்லாம் வெளுத்து, காய்ந்து, உதிர்ந்தது. நகர்ந்து போக அதற்குக் காலா இருக்கிறது? "யாராவது கவுத்துப் போடுங்களேன்" என்று கெஞ்சியது. அது யார் காதில் விழும்?

கரையில் ஆசிரியை கேட்டார்: "புரட்டின கல்லையெல்லாம் பழையபடி வச்சீங்களா? அடியில இருக்கிறது வெயில்ல செத்துப்போயிடும்."

அந்தப் பெண் ஓடிவந்து கல்லைக் கவிழ்த்தாள்.

பாதி உடம்போடு பஞ்சு இருட்டில் ஒட்டிக் கிடந்தது. மேலே சிப்பி சேற்றைத் துப்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மேல வெயில் ரொம்பவா?"

"அது கெடக்கட்டும். அடியில உனக்கு மூச்சு விட முடியுதா, தம்பி?"