மணிக்கட்டில் ஒரு பிடி

அரநாயக்க மலையில் விடியலிலிருந்தே மழை; இன்று ரப்பர் மரங்களில் பால்வெட்டு இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் விஜயகலா நீட்டியிருக்கும் வலது மணிக்கட்டு வீங்கி, அசைத்தால் நறநறவென்கிறது. மண் சரிந்த அன்று மகள் ஷாமிளா பற்றித் தொங்கி, கடைசியில் நழுவிப்போன கை அது. அன்று பிசகிய மூட்டு, பால்கத்தியைத் திருப்பித் திருப்பியே தேய்ந்துவிட்டது. கிளினிக்கில் கொடுத்த பட்டையைக் கணவன் யோகராஜ் முதன்முறையாகச் சுற்றிக் கட்டுகிறான். அவளுடைய விரல்நுனிகள் வெளுக்கின்றன.

“ஐயோ, இறுக்கிட்டேன் புள்ள. இறுக்கப்படாதுன்னு கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான் ஒரு மடையன். தளத்திடுறேன்.”

அவள் எதிர்மலையின் செம்மண் பிளவையே பார்க்கிறாள். இடக்கை மெல்ல வந்து அவன் விரல்களைத் தடுக்கிறது.

“வேணாங்க. அவ பிடிச்ச மாதிரியே இருக்கு. இன்னுங் கொஞ்சம் இறுக்குங்க.”